மத்தியானப் பள்ளியின் நூலகம்

ஜோர்டானின் தலைநகர் அம்மானில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் நிபாலைப் பற்றிக் கேட்டால், "அவ கை பட்டா கணக்கு தானா வரும்" என்பார்கள். பள்ளிக் கணக்கெடுப்பு விவரங்களை மென்பொருளில் போட்டு ஓட்டி, அறிக்கைக்கு அட்டவணை எடுத்துத் தருவது அவள் வேலை. கல்யாணம் இரண்டு முறை கூடிவந்து தட்டிப்போனது. அப்போதும் மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்து கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். மனிதர்கள் ஏமாற்றினாலும் இது ஏமாற்றாது என்று ஒரு நம்பிக்கை. தப்பு இருந்தால் திரையில் சிவப்பாகக் கத்திவிடுமே!

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது உம் சுஹைலின் போனால். பக்கத்து நகரமான ஸர்காவில் ஒரு பள்ளியில் மத்தியான வேளைக்குத் தலைமை ஆசிரியை அந்த அம்மாள்; உம் சுஹைல் என்றால் சுஹைலின் அம்மா என்று அர்த்தம். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், மத்தியானம் சிரியாவிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகள். கட்டடம் ஒன்று, பள்ளி இரண்டு, தலைமை ஆசிரியைகளும் இரண்டு பேர்.

"என்னம்மா, மத்தியானப் பிள்ளைங்களுக்கு நூலகம் இருக்குன்னு வரைவு அறிக்கையில எழுதியிருக்கீங்களாமே? அதனால புத்தகத்துக்குத் தர்ற உதவிய நிறுத்தப் போறாங்களாம். எங்கம்மா இருக்கு நூலகம்? காலைக்காரி பூட்டி, சாவியக் கைப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறா!"

"நீங்க இல்லன்னுதானே பதில் குடுத்தீங்க, உம் சுஹைல்?"

"கொட்டை எழுத்துல இல்லன்னு எழுதினேன்."

நிபால் தன் பழைய கட்டளைகளைத் திறந்து பார்த்தாள். பிள்ளைகளின் பதில்களையும் தலைமை ஆசிரியைகளின் பதில்களையும் பள்ளி எண்ணை வைத்துத்தான் அவள் இணைத்திருந்தாள். கட்டடத்துக்கு ஒரே எண். காலை வேறு, மத்தியானம் வேறு என்று பிரித்துச் சொல்ல மறந்துவிட்டாள். மென்பொருள் முதலில் கிடைத்த காலைக்காரியின் பதிலை எடுத்து இரண்டு வேளைப் பிள்ளைகள் தலையிலும் கட்டிவிட்டது. சிவப்பும் இல்லை, கத்தலும் இல்லை. சொன்னதைச் செய்கிற ஜடத்தைத் திட்டி என்ன பயன்? நிபால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் முவஃபக் டீக் கோப்பையை ணங்கென்று வைத்தார். "நாளைக்கு நிதி குடுக்கறவங்க வர்றாங்க. இப்ப வந்து தப்புங்கறியே! யாருக்குத் தெரியப் போகுது? அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்."

"உதவிய நாளைக்கே நிறுத்திடுவாங்களே, டாக்டர்."

"நீ வாய மூடிக்கிட்டு வந்தா போதும்."

அவளால் முடியவில்லை. மறுநாள் கூட்டத்தின் நடுவே எழுந்து, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். பிறகு அறிக்கையை மூடிவைத்து, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும்வரை எந்தப் பள்ளிக்கும் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். முவஃபக் அவள் பக்கமே திரும்பவில்லை.

சாயங்காலம் ஸர்காவுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல்.

"உண்மையச் சொல்லிட்டேன், உம் சுஹைல். ஆனா எல்லாத்தையும் சரிபார்க்க ஒரு வருஷம் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்லையாம்."

அந்த அம்மாள் பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

"நீ நல்லவதாம்மா. உன்மேல எனக்குக் கோபமில்ல," என்றாள். "ஆனா நூலகச் சாவி இன்னும் அந்தக் காலைக்காரி கைப்பையிலதானே இருக்கு?"