கேட்டுக்குள்ளே அம்மா

பள்ளிக்கூட கேட்டுக்குள்ளே அம்மா, கேட்டுக்கு வெளியே சின்னம்மா. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் இதுதான். அ, ஆ எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நான் பத்தாவதைத் தாண்டாதவள். கணக்கு, அறிவியல் எதுவும் என்னிடம் தங்கவில்லை. ஆனால் இந்த ஒரு பாடத்தில் நான் தடுமாறியதே இல்லை. ஒரே ஒரு முறை காரியம் கெட்டதும், பாடத்தை அளவுக்கு மீறி நன்றாகப் படித்திருந்ததால்தான்.

தம்பி பிறந்த வருடமே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமையல் வேலை செய்தாள். அந்த வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உறவுக்காரர் வந்து தங்கினார். நாற்பதைத் தாண்டிய தனி ஆள். இரண்டு மாதம் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அவர் அந்த நாட்டுக் குடிமகன் என்பதால் அம்மாவுக்கு வழி திறந்தது. பிள்ளைகளை அடுத்த வருடம் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு அப்போது ஐந்து வயது, தம்பிக்கு இரண்டு.

அடுத்த வருடம் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வருடம் அவர்களுக்கு விவாகரத்து வந்தது. அவர் கெட்டவர் இல்லை என்று அம்மா இன்றும் சொல்கிறாள். குழம்பைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர், அதோடு ஓர் ஆளும், ஆளோடு இரண்டு பிள்ளைகளும் வரும் என்பதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் நிலைத்திருந்தால் மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு மனு போட்டிருக்கலாம். முறிந்துவிட்டதால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்கு நடுவில், முறிந்தது பொய்க் கல்யாணம் இல்லை, நிஜமாகவே வாழ்ந்து முறிந்ததுதான் என்றும் காகிதம் காட்ட வேண்டியிருந்தது. அம்மா பகலில் ஒரு முதியோர் இல்லத்திலும் சாயங்காலம் ஒரு ஓட்டல் சமையலறையிலும் வேலை செய்துகொண்டு, குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் எங்களுக்கு அந்த நாட்டு ஜனாதிபதிகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பாள். நான் ‘உம்’ கொட்டுவேன். தம்பி இரண்டாவது ஜனாதிபதியிலேயே எழுந்து விளையாடப் போய்விடுவான்.

அந்த வருடங்களில் எங்களுக்கு எல்லாமே சின்னம்மாதான். அம்மாவின் தங்கை. தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை. சித்தப்பா பெயிண்ட் அடிப்பவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய வரிசையில் ஒற்றை அறை வீடு.

என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, தாய் தகப்பன் நேரில் வந்தால்தான் சீட்டு, கார்டியன் என்றால் கோர்ட்டுக் காகிதம் வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். சின்னம்மா கண்ணை இமைக்காமல், “நான்தாங்க அம்மா” என்றாள். விண்ணப்பத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் ஏற்கெனவே எங்கள் பெயர் அவளுடைய மகள், மகன் என்று ஏறியிருந்தது. எங்கள் வரிசையில் இதை யாரும் புரட்டு என்று சொல்ல மாட்டார்கள். யார் சோறு போடுகிறார்களோ அவர்கள் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தாத்தாதான் கார்டில் அப்பா.

ஒரு நாள் அம்மா கையில் சின்னக் கொடியோடு போட்டோ அனுப்பினாள். குடிமகளாகிவிட்டாள். அடுத்த வாரமே எங்களுக்காக மனு போட்டாள். எங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் சரியாக இருந்தது. மற்ற காகிதங்களில் வேறு ஓர் அம்மா இருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது.

தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. சின்னம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார். பெரிய கேட். அதற்குள் இன்னொரு கேட். துப்பாக்கி வைத்த காவலர். எங்கள் பள்ளிக்கூட கேட்டைவிட இது எவ்வளவோ பெரியது. ஆகவே பாடமும் இங்கே கூடுதலாகவே பொருந்தும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. செய்தி வாசிப்பதுபோலத் தமிழ் பேசினார்.

“உன்னுடன் வந்திருப்பவர் யார்?”

“எங்க அம்மா.”

சின்னம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. தலைமையாசிரியை முன்னால் நான் சரியாகச் சொல்லும்போதும் அவள் அப்படித்தான் அழுத்துவாள். எனக்கு உற்சாகம் கூடியது.

“அமெரிக்காவில் இருப்பவர்?”

“அவங்களும் அம்மாதான்.”

“மேடம், அது எங்க அக்கா மேடம்,” என்று சின்னம்மா குறுக்கே புகுந்தாள். “அவதான் பெத்தவ. நான் சும்மா வளக்கறவ.”

“நான் குழந்தையிடம் கேட்கிறேன். உன்னைப் பெற்றவர் யார்?”

நாங்கள் இரண்டு கேட் தாண்டி உள்ளே நிற்கிறோம். எனக்குச் சந்தேகமே இல்லை. சின்னம்மாவைக் கைகாட்டி, “இவங்கதான்” என்றேன். புரியாமல் போய்விடக் கூடாதே என்று, “திஸ் இஸ் மை மதர், மேடம்” என்றும் சொன்னேன். தம்பி பலமாகத் தலையாட்டினான்.

அதிகாரி எங்கள் பள்ளிச் சான்றிதழைப் புரட்டினார். அதுவும் நான் சொன்னதையே சொன்னது. கொஞ்ச நேரம் தட்டச்சு செய்துவிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். பிள்ளைகள் அந்தத் தாய்க்குப் பிறந்தவர்கள்தானா என்று பரிசோதனை செய்து அனுப்ப வேண்டும். பள்ளிக் காகிதங்களில் ஏன் வேறு பெயர் என்பதற்கும் விளக்கம் வேண்டும்.

வெளிக் கேட்டைத் தாண்டியதும் சின்னம்மா வெடித்தாள். “பேஜார் பண்ணிட்டியேடி! ஏழு வருசமா அவ அங்க பாத்திரம் தேச்சிக்கினு கீறா, நீ ஒரு வார்த்தைல கவுத்துட்டியே!”

“நீதான கேட்டுக்குள்ள போனா அம்மான்னு சொல்லணும்னு சொன்ன?”

சாலையைக் கடந்து வந்த சித்தப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பொண்ணு மேல இன்னா தப்பு? நீ போட்ட சட்டம். அது கரெக்டா நடந்துக்குது.”

“நீ கம்முனு இரு. எரியற நெருப்புல...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அம்மா போனில் திட்டவில்லை. அவள் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு தப்பு வந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும், எத்தனை வருடமாகும் என்று தெரியாது என்றாள். “எந்தப் பேப்பரை எடுத்தாலும் ஒரே அம்மாதான் இருக்கணும்” என்றாள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். “சரிக்கா” என்றாள் சின்னம்மா.

அன்றிலிருந்து சின்னம்மாவை ஒவ்வொரு காகிதமாக வெளியேற்றும் வேலை தொடங்கியது. முன்னின்று நடத்தியது சின்னம்மாவேதான். கடையில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு ரேஷன் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தாள். பள்ளியில் தலைமையாசிரியை அவளை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசினார். பொய் சொன்னதற்காக. சைதாப்பேட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் முத்திரைத்தாளில் உறுதிமொழி அடித்து வாங்கினாள். முழுவதும் இங்கிலீஷ். கையெழுத்துப் போடும் முன் என்னிடம் நீட்டினாள்.

“இன்னா எழுதிக்கீது, படி.”

எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னேன்: “நீ எங்க அம்மா இல்லன்னு எழுதிக்கீது.”

“அவ்ளோதானா? அதுக்கா ஒரு பக்கம்?”

கேலியாகச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

வீட்டிலும் சட்டம் மாறியது. இனி கேட்டும் கிடையாது, உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது. எங்கேயும் எப்போதும் சின்னம்மாதான். எனக்கு அது ஒரு நாள் வேலை. தம்பிக்கு வரவில்லை. அம்மா போனபோது அவனுக்கு இரண்டு வயது. கேட்டுக்குள் சொல்லவேண்டியதை அவன் எப்போதோ வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். அதுவரை யாரும் தடுக்கவில்லை. இப்போது வரிசையே சேர்ந்து அவனைப் பழக்கியது. குழாயடியில் எதிர்வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டுக் கேட்பாள்: “டேய் நைனா, தோ போறாங்களே, யார்றா அது?” அவன் “அம்மா” என்பான். குழாயடியே “அய்ய!” என்று கூச்சல் போடும். ஒரு நாள் அவன் கோபத்தில், “அப்ப நீ யாரு? போலீசா?” என்று கேட்க, அந்த அக்கா சிரித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள்.

கடைசியில் சின்னம்மா ஒரு முடிவெடுத்தாள். “இனிமே அம்மான்னு கூப்டா நான் திரும்பவே மாட்டேன். பாத்துக்கோ.”

அதைச் சொன்ன வாரமே எங்களுக்கு ஸ்வெட்டர் வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனோம். வியர்வையில் நனைந்துகொண்டு ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தோம். திரும்பும்போது தம்பி சோப்பு நுரைக் குமிழி விடும் ஆளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். நாங்கள் இருபது அடி முன்னால் வந்துவிட்டோம். கூட்டத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. “அம்மா!”

முன்னே போன இரண்டு பெண்கள் திரும்பினார்கள். சின்னம்மா நின்றாள். திரும்பவில்லை.

“அம்மா! அம்மா!” குரல் அழுகையாக மாறியது. ஒரு கடைக்காரர், “யார் வூட்டுப் புள்ளம்மா இது?” என்று கத்தினார். சின்னம்மா துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே தொங்கிய நைட்டிகளைப் பார்த்தபடி நின்றாள். நான் போகலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “சின்னம்மா!”

அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு வளையல் தட்டு கவிழ்ந்தது. ஒன்பது வயதுப் பையனைக் கைக்குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். சொன்னதைச் சாதித்துவிட்டாளே என்று அவளுடைய உறுதியை நான் மனதுக்குள் மெச்சினேன். பஸ்ஸில் அவள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். “வெயில் அடிக்குதே சின்னம்மா, இந்தப் பக்கம் வாயேன்” என்றேன். அவள் வரவில்லை.

அதற்குப் பிறகு தம்பி தப்பவே இல்லை. பரிசோதனைக்கு அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் தடவி எடுத்தார்கள். வலிக்கவே இல்லை, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அங்கிருந்த நர்ஸ், “நீங்க குழந்தைங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். “கூட்டிக்கினு வந்தவங்க” என்றாள் சின்னம்மா. நான் விடவில்லை. “எங்க சின்னம்மா” என்று திருத்தினேன். தம்பியும் “சின்னம்மா” என்றான். எத்தனை கேட் இருந்தாலும் இனி எங்களை அசைக்க முடியாது என்று பெருமையாக இருந்தது.

இன்று நான் அந்த நாட்டில் பெரிய லாரி ஓட்டுகிறேன். ஒரு ஊரில் மாதக்கணக்கில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கிடங்குக் கேட்டுகளில், மாநில எல்லைச் சாவடிகளில், கேள்வி கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதையே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். எங்கேயும் இதுவரை வண்டியைத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் திறமையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அம்மாவுக்கும் தெரியும்.

பரிசோதனை முடிவு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அம்மா அதை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி, அதில் பாதி அழுகை. சித்தப்பா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். வரிசையிலிருந்து பத்துப் பேர் வாசலில் கூடினார்கள். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும் என்பதால் போன் என் கைக்கு வந்தது. அம்மா எங்களைப் பெற்றவள் என்பதற்கு வாய்ப்பு தொண்ணூற்றொன்பது புள்ளி தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று சத்தமாகப் படித்தேன்.

“முழுசா நூறு போட்டா இன்னாவாம் அவனுக்கு?” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா தம்பியைத் தூக்கிச் சுற்றினாள். யாரோ கடைக்குப் போய்ச் சாக்லெட் வாங்கி வந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன் இன்னும் என் கையில் இருந்தது. திரையை ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது.

“இதுல என்னப் பத்தி எதுனா போட்டுக்கீதா?” என்று கேட்டாள்.

பொறுப்பாக, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரைவரை மறுபடி படித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டிலும் பள்ளியிலும் இத்தனை மாதமாக நாங்கள் அலைந்ததன் பலன் இதிலும் தெரிந்தது.

“உன் பேரே இல்ல சின்னம்மா! ஒரு எடத்துலகூட இல்ல!” என்றேன்.

அவள் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். வெளியே குழாயடியில் சத்தமாக இருந்தது. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் சந்தோஷப்படட்டும் என்று, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.