தென்னை மரமும் பதினைந்து சென்டிமீட்டரும்

போன வாரம் வில்லியனூர் கடைத்தெருவில் சவரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற வகை. இந்த வயதில் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாயிற்று. அதன் குழிவை விரலால் தடவியதும், பழைய ஆய்வக அலமாரியின் பாச்சை உருண்டை வாசனை எங்கிருந்தோ வந்துவிட்டது.

பாகூர்ப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்த வருஷம். பத்தாம் வகுப்புக்குக் குழியாடிச் சோதனை. ஜன்னலுக்கு நேரே ஆடியை வைத்து, வெளியே நிற்கும் தென்னை மரத்தைக் காகிதத்தில் தலைகீழாக விழவைக்க வேண்டும். மரம் தெளிவாக விழும் இடத்துக்கும் ஆடிக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம். விடை பதினைந்து சென்டிமீட்டர். யாரும் அளந்ததில்லை, அக்கா நோட்டிலிருந்து தங்கை நோட்டுக்கு அது தானாக வந்துவிடும். பார்க்க நம்பும்படி 14.9, 15.1 என்று எழுதி, சராசரி பதினைந்து போடுவார்கள். என் பள்ளி நாளில் நானும் அப்படித்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பாடம் நடத்தியவனின் யோக்கியதை இது.

அரையாண்டு பிராக்டிகலுக்கு முதல் நாள், தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று அந்த ஆடியைக் கீழே போட்டு உடைத்தேன். அலமாரியின் மூலையில் இன்னொன்று கிடந்தது. வட்டமாக இருந்தது, குழிந்தும் இருந்தது, வேறென்ன வேண்டும்? ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

மறுநாள் எல்லாரும் பதினைந்து எழுதினார்கள். செல்வி மட்டும் இருபது. பாடத்துக்குப் பாடம் "அது ஏன் சார்?" என்று கேட்டு என்னைத் திணறடிக்கிற பெண்.

"இன்னாடி இது? ஸ்கேல் புடிக்கத் தெரியாதா? வூட்ல அக்கா நோட்டு இல்ல?"

"இருக்குது சார். அதுல பதினஞ்சுதான் போட்டிருக்குது. இங்க பதினஞ்சுல வச்சா மரம் கலங்கலா வுழுது சார். நீங்களே பாருங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பத்துக்கு நாலு போட்டேன்.

பள்ளி விட்டதும் மனசு கேட்காமல் அளந்து பார்த்தேன். இருபது. அவள் மதிப்பெண்ணைத் திருத்தினால் ஆடி உடைந்த கதை வெளியே வரும். மற்றவர்கள் எழுதிய பதினைந்தெல்லாம் பல்லிளிக்கும். என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை. பட்டியலில் அப்படியே கையெழுத்துப் போட்டேன். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல? அடுத்த வருஷப் பிள்ளைகளிடம் விடை இருபது என்று நானே சொல்லிவிட்டேன். அவர்களும் 19.9, 20.1 என்று எழுதினார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

இப்போது அந்த அறையில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்களாம். தொட்டால் கதிர்கள் தாமே போய்க் குவியத்தில் சேருமாம், தப்பே வராதாம். தென்னை இருந்த இடத்தில் சைக்கிள் ஷெட். நேற்று சவரக் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காகிதத்தில் தலைகீழாக விழவைத்து, மூன்று முறை அளந்தேன். விடையை இங்கே எழுத மாட்டேன். யாராவது காப்பி அடிப்பீர்கள்.

அலமாரி, மரம் எல்லாம் பிறகுதான் போயின. முதலில் போனது அந்த "அது ஏன் சார்?" முழு ஆண்டுப் பரீட்சை வரை செல்வி முன்பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.