ஒன்பது இடத்தில் தனப்பிரியா

மல்லசமுத்திரத்தில் பத்திரம் எழுதும் சென்னியப்பனின் கடையில் எட்டு வருஷமாக டைப் அடிக்கிறாள் தனப்பிரியா. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மகள் இனியாவோடு வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். ஏதோ வேகமாக அடிப்பாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவளோ கம்ப்யூட்டரையே ஆட்டிப் படைத்துவிட்டாள்.

அந்தக் கடையில் அதிகம் ஓடுவது விடுதலைப் பத்திரம். அப்பன் சொத்தில் தனக்குள்ள பங்கு வேண்டாமென்று பெண்பிள்ளை அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுப்பது. சட்டம் சரிபங்கு என்கிறது. ஊர் கையெழுத்துப் போடு என்கிறது. முன்பெல்லாம் பழைய பத்திரத்தை எடுத்துப் பெயரை மாற்றுவார்கள். எங்காவது ஓரிடத்தில் பழைய பெயர் தங்கிவிடும், திரும்பவும் அடிக்க வேண்டும். தனப்பிரியா உட்கார்ந்து ஒரு படிவம் செய்தாள். முதல் பக்கத்துக் கட்டத்தில் பெயரை ஒருமுறை அடித்தால் போதும், மற்ற எட்டு இடங்களிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன்' என்ற வரியிலும்கூட. சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

கையெழுத்துப் போட வந்த பெண்களில் சிலர் அழுவார்கள். சிலர், "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்பார்கள். "எல்லாருக்கும் ஒண்ணுதானுங்கக்கா, போடுங்க" என்பாள் இவள். பொய்யில்லைதான். ஆனால் ஒருத்தியையும் படிக்க விட்டதில்லை. இதைப் பூசி மெழுகுவானேன்?

போன செவ்வாய்க்கிழமை காலை படிவத்தைத் திறந்தாள். கடைசியாக அடித்த பெயர், அடுத்த பெயர் அடிக்கும்வரை அதில் அப்படியே நிற்கும். அன்றைக்கு 'தனப்பிரியா' என்று நின்றது. யாரோ தன் பெயர்க்காரி என்றுதான் நினைத்தாள். செத்துப்போன தகப்பன் பெயரும் பொருந்தியது. கிணற்றடி முக்கால் ஏக்கரின் சர்வே நம்பரும் பொருந்தியது. தனக்கென்று ஒரு வீடு கட்ட அவள் மனசுக்குள் அளந்து வைத்திருந்த அதே துண்டு. அடப்பாவிகளா என்று சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, இது எப்ப அடிச்சீங்க?"

சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேத்து நீ லீவு. உங்கண்ணன் வந்து ஒக்காந்துட்டான் அம்மிணி. உங்கிட்டச் சொல்லியாச்சுன்னான். பிரிண்ட்டும் எடுத்தாச்சு."

பதினொரு மணிக்கு அண்ணன் தீனதயாளனும் அம்மா காளியாத்தாளும் வந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?"

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் பேசினாள். "அடுத்த மாசம் இனியாவுக்குத் திரட்டி சீரு. தாய்மாமன் வந்து நிக்கோணுமா, வேண்டாமா? நீயே ரோசன பண்ணிக்க சாமி."

பெரியமனுஷியான பிள்ளை, மாமன் வராமல் சொந்தபந்தத்தின் முன்னால் மணையில் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பதிமூன்று வயசு எப்படித் தாங்கும்? பெற்ற தாயே பேத்தியைக் காட்டிக் கழுத்தை நெரிக்கிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் பேனாவை வாங்கினாள். பெயர்தான் தானாக வரும். ஏழு பக்கங்களிலும் கையெழுத்தை அவளே போட வேண்டியிருந்தது. 'முழு மனதுடன்' என்ற வரிக்குக் கீழேயும் போட்டாள்.

பதிவு முடித்து மத்தியானம் கடைக்குத் திரும்பினால், வள்ளியாத்தாள் என்ற பெண் இரண்டு தம்பிகளோடு காத்திருந்தாள். தனப்பிரியா முதல் கட்டத்தில் தன் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரை அடித்தாள். ஒன்பது இடத்திலும் மாறியது. பிரிண்ட் எடுத்து நீட்டும்போது, எட்டு வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னாள்: "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கக்கா."

"நீ அடிச்சதுல தப்பு இருக்குமா கண்ணு?" என்று சிரித்தாள் வள்ளியாத்தாள். "என்ர தங்கச்சிக்கும் போன வருசம் நீதான அடிச்சுக் குடுத்த." பேனாவுக்குக் கை நீட்டினாள்.