நீலப் புடவைக்கு வந்த கேள்வி

எங்கள் சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் தலைவி ஆவேன் என்று நினைத்திருந்தேன். போன வருடம் சேர்ந்த சுமதியைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருடனும் சேர்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினேன்.

ஏ.எஸ்.ராவ் நகரில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஹால் பிடித்தது நான், டாக்டரைக் கெஞ்சி வரவழைத்தது நான். வந்தவர்களோ "சுமதிம்மா எங்கே?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் சுமதி என்னிடம் வந்தாள். "அக்கா, இந்தம்மாவை ஆட்டோவில ஏத்தி விடறீங்களா? சொட்டு மருந்து விட்டிருக்கு, கண்ணு மங்கலா இருக்கும்."

இவள் சொல்லி நான் செய்வதா என்று பொருமிக்கொண்டேதான், மெட்டுகுடாவிலிருந்து வந்திருந்த அந்த அம்மாளின் கையைப் பிடித்தேன்.

சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அன்று ஒரே மாதிரி நீலப் புடவை கட்டியிருந்தோம். அவருக்கு அந்த நீலம் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோவில் ஏறியதும் என் கையை விடாமல் கேட்டார்: "சுமதிம்மா, காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கியே, சாப்பிட்டியா?"

இத்தனை வருட முகாம்களில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் சுமதி இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"சாப்பிட்டேம்மா" என்றேன்.

திரும்பி வந்தபோது சுமதியின் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் நாற்காலியில் கிடந்தது.

"போய்ச் சாப்பிடு. வரிசையை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அந்த அம்மாள் விசாரித்தது அவளைத்தான் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன்.