எட்டுப் பேருக்கான ருஷ்யக் கட்லெட்

யாங்கோனின் லான்மடா பேட்டையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் விநாயகமூர்த்திக்கு ருஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ருஷ்யப் பெண்மணி ஒருத்தி கோழிக் கட்லெட் செய்யும் வீடியோவைக் கைப்பேசியில் பதினோரு முறை பார்த்து, அதைச் செவ்வனே புரிந்துகொண்டார். கோழிக்கறி, பாலில் ஊறிய ரொட்டி, வெண்ணெய், வெங்காயம், உப்பு. கொத்தி, பிசைந்து, நீளவாக்கில் பிடித்து, ரொட்டித் துணுக்குகளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். கடைசிக் காட்சியில் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதுவும் செய்முறையில் சேர்த்தி என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். மற்ற சாமான்கள் எல்லாம் யாங்கோனில் கிடைத்தன.

ஆளைப் பற்றியும் சொல்லிவிடுவோம். வயது ஐம்பத்தொன்பது. துறைமுகக் கிட்டங்கி ஒன்றின் சாவிக்கொத்தை முப்பத்திரண்டு வருஷம் இடுப்பில் சுமந்து ஓய்வு பெற்றவர். மனைவி சாந்தி, மகள் தமிழரசியின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று சொல்லிச் சிங்கப்பூர் போனார். பிறந்த பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. ஞாயிறுதோறும் போன் வரும். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." இத்துடன் அந்த வாரத்துத் தாம்பத்தியம் நிறைவுபெறும். மற்ற ஆறு நாளும் விநாயகமூர்த்தி வாயைத் திறப்பது கொட்டாவிக்கும், அணைந்துபோன கொசுவத்திச் சுருளைத் திட்டுவதற்கும்தான்.

ஆகவே கட்லெட். எட்டுப் பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்று ருஷ்யச் செய்முறையை அவர் தாராளமாகத் திருத்திக்கொண்டார். கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். முடிந்தால் பேசுகிற ஆள்.

கோழியை ஹலால் கடையில் வாங்கினார், இரண்டாம் மாடி ஜாபர் வீட்டாரும் சாப்பிட வேண்டுமே. வெண்ணெயைக் கல்லாக உறையவைத்துத் துருவ வேண்டும் என்பது ருஷ்யாவின் எதிர்பார்ப்பு. மின்சாரம் நினைத்தபோது வந்து போகிற ஊரில் குளிர்பெட்டி ஒரு வெள்ளை அலமாரி மட்டுமே. அவர் தெருவில் ஐஸ்கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி, வெண்ணெயை அதன் வயிற்றில் புதைத்தார். டீக்கடை ரொட்டி லேசாகத் தித்திக்கும். அதற்கு ருஷ்யாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிசையும்போது வலக்கை தன்போக்கில் பச்சை மிளகாயை நோக்கிப் போயிற்று. இடக்கை அதை அடித்துத் திருப்பிக் கொண்டுவந்தது.

கட்லெட் பொன்னிறமாக வந்தது. இந்த ஊர் மாடிவீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது; பால்கனிக்குப் பால்கனி மணி கட்டிய ஒரு கயிறு தெருவரை தொங்கும், பேப்பரும் ரொட்டியும் அதில்தான் ஏறிவரும். அந்தக் கயிற்றிலேயே தட்டுகளைப் பையில் கட்டி இறக்கினார். ஒன்று ஜாபரின் மனைவி லத்தீபாவுக்கு. ஒன்று முதல் மாடி பர்மிய அம்மாள் டோ டின் ஹ்லாவுக்கு. ருசி பார்த்ததும் மேலே ஏறி வருவார்கள் என்று இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவைத்தார்.

வந்தது புகழ்தான். "பிரமாதம் அண்ணே!" என்று லத்தீபா பால்கனியிலிருந்து கழுத்தை வளைத்துக் கத்தினார். டோ டின் ஹ்லா பர்மிய மொழியில் மூன்று முறை மெச்சினார். மறுநாள் கயிற்று மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் லத்தீபாவின் தட்டில் சமோசா, டோ டின் ஹ்லாவின் தட்டில் பர்மியர் விரும்பித் தின்னும் ஊறவைத்த தேயிலை. அண்டைவீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்புவது அந்தப் படிக்கட்டில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம். கட்லெட்டை அனுப்பியவர் சமோசாவைத் தனியாகச் சாப்பிட்டார். முன்னேற்றம் என்று சொல்வதற்கில்லை.

அடுத்த முறை பெரிய தட்டு. பதிலுக்குப் பிரியாணி. அதையும் தனியாகவே சாப்பிட்டார். மூன்றாம் முறை தந்திரமாகத் தட்டே இல்லாமல் காகிதத்தில் மடித்து விட்டார். திருப்பித்தர ஏதும் இல்லையென்றால் ஆளே வந்துதானே நன்றி சொல்ல வேண்டும்? மாலையில் மணி அடித்தது. புத்தம்புதுத் தட்டு, அதில் அல்வா.

"தட்டு என்னுது இல்லியே தங்கச்சி!" என்று மேலிருந்து கத்தினார்.

"இப்ப உங்களுதுதான் அண்ணே! பாவம், தட்டு எல்லாம் தீந்துபோச்சு போலன்னு வாங்கினேன்!"

கயிற்றோடு போராடிப் பயனில்லை என்று தெரிந்ததும், வியாழக்கிழமை விநாயகமூர்த்தி நேரடியாக இரண்டாம் மாடிக்கு இறங்கினார். ஜாபர் லுங்கிக் கடைக்காரர். நல்ல மனிதர், பேச்சில் சிக்கனம்.

"ஜாபர், நாளைக்குச் சாயங்காலம் மேல வா. கட்லெட் சாப்பிடலாம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கண்ணே சிரமம். ஆனாடெ." பிறருக்குத் தொந்தரவு தர மனம் கூசுவதற்குப் பர்மியர் வைத்திருக்கும் சொல் அது, அந்த நகரத்தில் எந்த விருந்தையும் அது ஒன்றே தடுத்து நிறுத்திவிடும். "கயித்துல விட்டுடுங்களேன்."

"இது கயித்துல வர்ற சாமான் இல்ல. சட்டியிலேருந்து எறக்கி மூணு நிமிஷத்துல தின்னணும். ருஷ்யாவுல சட்டமே அப்படித்தான்."

"இல்லாட்டி?"

"உள்ள இருக்கிற வெண்ணெ ஒறைஞ்சிடும்."

"எங்க வீட்டுல ஐஸ்கிரீமே ஒறைய மாட்டேங்குது" என்றார் உள்ளேயிருந்து லத்தீபா. "போயிட்டு வாங்களேன். அண்ணி இல்லாம மனுசன் செவுத்தோட பேசிக்கிட்டிருக்காரு."

"செவுரு பதில் சொல்லாது தங்கச்சி. ஒன் வீட்டுக்காரனும் சொல்ல மாட்டான். ஆனா திம்பான்."

ஜாபர் சிரித்துவிட்டார். சிரித்தவன் வந்துதானே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஜாபர் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். விநாயகமூர்த்தி இரண்டு தட்டுகளிலும் சூடான கட்லெட்டை வைத்துத் தானும் எதிரே அமர்ந்தார். என்ன பேசுவது என்று காலையிலிருந்து வரிசைப்படுத்தி வைத்திருந்தார். முதலாவது மழை. தொண்டையைச் செருமினார். அந்தக் கணத்தில் தெருவே ஒரே குரலில் அலறியது: "மீ லாபீ!"

கரண்டு வந்துவிட்டது. அட்டவணைப்படி இன்று அது வரவேண்டிய நேரமே அல்ல. அந்தக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஜாபரின் பொறுப்பு; அடுத்த மின்வெட்டுக்குள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பாவிட்டால் பன்னிரண்டு குடும்பம் குளிக்காது. ஜாபர் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார். நாற்காலி கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

ஒரு நிமிஷம் போயிற்று. கட்லெட்டிலிருந்து ஆவி குறைந்துகொண்டு வந்தது. ருஷ்யச் சட்டப்படி இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. விநாயகமூர்த்தி இரண்டு தட்டுகளையும் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு, எண்பத்துநாலு படிகளையும் இறங்கினார்.

மோட்டார் தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அது இரைவது என்றால் சாதாரண இரைச்சல் அல்ல, சுவரே உறுமும். ஜாபர் ஒரு கையை மோட்டார்மேல் வைத்துச் சூடு பார்த்தபடி, மறுகையில் பிடித்த கட்லெட்டைக் கடித்தார். வெண்ணெய் மணிக்கட்டு வரை ஓடியது. ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இவரும் ஏதோ சொன்னார். அவருக்கும் கேட்கவில்லை. ஜாபர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் போதுமானதாயிருந்தது. விநாயகமூர்த்தி மழையைத் தாண்டிப் போய்விட்டார். பேரப்பிள்ளை திரையில் தன்னைக் கண்டதும் அழுவதைச் சொன்னார். சாந்தியின் பேச்சு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் சிங்கப்பூராகி வருவதைச் சொன்னார். 'எப்ப வர்றே' என்று ஆறு மாதமாகத் தான் கேட்பதில்லை, பதில் வந்துவிடுமோ என்று பயம், என்பதையும் சொன்னார். ஜாபர் மென்றுகொண்டே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். இவ்வாறாக முப்பத்தைந்து நிமிஷம்.

மொட்டைமாடியிலிருந்து யாரோ "நெறஞ்சிருச்சு!" என்று கத்தினார்கள். ஜாபர் மோட்டாரை நிறுத்தினார். திடீரென்று அமைதி வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

"ஒண்ணும் காதுல விழல அண்ணே. முக்கியமா ஏதாச்சும் சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்ல. உப்பு சரியான்னு கேட்டேன்."

ஜாபர் யோசித்தார். விரலை நக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் கம்மிண்ணே."

மேலே போகத் திரும்பியிருந்த விநாயகமூர்த்தி நின்றார். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு கம்மி?" என்று கேட்டார்.