முப்பது வருடம் கழித்துக் குற்றாலம்

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியை. லீவு நாட்களில் அறிவியல் கதைகளும் எழுதுவேன். என் கதைகளின் கடைசியில் பூமி காய்ந்துபோகும், இல்லையென்றால் கடலுக்குள் போகும். வேறு மாதிரி முடிக்க எனக்கு வரவில்லை.

போன கோடை விடுமுறையில், குற்றாலம் போகிற வழியிலுள்ள மேலகரத்தில், பேரூராட்சிக்காரர்கள் ஒரு நீண்ட மதில்சுவரைக் காட்டி, முப்பது வருடம் கழித்துக் குற்றாலம் எப்படி இருக்கும் என்று வரைந்து தரச் சொன்னார்கள். நான் வறண்ட பாறையை வரைந்தேன். அதன் முன்னால் ஒரு பெரிய திரை. அதில் பழைய அருவி கொட்டுவதை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். நல்ல கற்பனை என்று எனக்கே பெருமை.

மூன்றாம் நாள் ஒரு அக்கா வந்து நின்றார். அருவிக்கரையில் பழக்கடை வைத்திருந்தவர். திடீர் வெள்ளம் கடையை அடித்துக்கொண்டு போனபின், அந்தச் சுவரோரம் கூடையில் மாம்பழம் விற்றார்.

“டீச்சர், இதுல என் கடை எங்கன இருக்கு?”

“தண்ணியே இல்லையேக்கா. கடை எப்படி இருக்கும்?”

அவர் கோபப்படவில்லை. “தண்ணி இல்லாம என் கடை போகல. தண்ணி வருதுன்னு முன்னாடியே சொல்ல ஆளில்லாமப் போச்சு. முப்பது வருஷத்துலயும் அதுக்கு ஒரு வழி பண்ண மாட்டாவளா?”

என் கதைகளில் யாரும் பிழைப்பு நடத்தியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மேற்கொண்டு கை ஓடவில்லை.

மறுநாள் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புதிதாக வரைந்தேன். மலைமேல் மழையை அளக்கும் கருவி. வெள்ளம் இறங்குமுன்பே கீழே அடிக்கும் மணி. தள்ளிக்கொண்டு போக வசதியாகச் சக்கரம் வைத்த கடைகள். மேலே அடர்ந்த காடு. அது அவர் சொன்னது. மரம் நின்றால்தான் தண்ணீர் மெதுவாக இறங்குமாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வருடம் முழுக்க அருவி கொட்டுகிற மாதிரி வரையட்டுமா என்று கேட்டேன்.

“அது வேண்டாம் டீச்சர். சீசன்னு ஒண்ணு இருக்கட்டும். மத்த நாள்ல நாங்களும் வீட்டுல இருக்கணும்லா.”

கடைசி நாள், கடைக்குள் அவரையே வரைந்தேன். தலை முழுக்க நரை. அவர் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ நான் இருப்பேன்னு சொல்லுதிய.”

“இருப்பிய, அக்கா.”

ஈரப் பெயிண்டில் படாமல் விரலை நீட்டி, கடையில் ஒரு தட்டைக் காட்டினார். “இங்கன காலியா இருக்கு. பழம் வைங்க.”

வைத்தேன்.