ஜெசிந்தா அக்கா ஸ்கோன் சுட்ட ஞாயிறு

மாடி ரூம் மாரி அக்கா போன் செய்தபோது, அப்பாவின் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு அவர் தேடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். போனை நான்தான் எடுத்தேன். “பாப்பா, ஜெசி போயிட்டாட்டி” என்றாள். “எங்க, ஊருக்கா?” என்று கேட்டேன்.

“இன்னாக்கா, என்கிட்டயே விளையாடறியா?” என்று சொல்லி வைத்துவிட்டு, நேராக ஜெசிந்தா அக்காவின் நம்பருக்கே அடித்தேன். “மாட்டிக்கினியா!” என்று கத்துவதாகத் திட்டம். எடுத்தது வேறு ஒரு குரல், வயதான குரல். “யாரும்மா, எம் பிள்ள கூட வேல பாக்குத பிள்ளையா?” என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டது. அப்பா இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் படிக்க யாராவது எழுத வேண்டும் என்றதும் மாரி அக்கா என்னைக் கை காட்டிவிட்டாள். ஜெசிந்தா அக்காவின் ரூம்மேட் சொன்னால் மறுக்க முடியுமா? நினைவஞ்சலி என்றால் அடக்கமாக எழுத வேண்டும் என்று எங்கள் தமிழ் மிஸ் சொன்னார். அடக்கம்தான் அக்கா ஊரில் முடிந்துவிட்டதே மிஸ். என்னிடம் மிச்சம் ஏதும் இல்லை. எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். எங்கள் மாடியில் குடியிருப்பவர்களே, அவளோடு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் எங்கள் நெல் வயல் கம்பெனிக்காரர்களுக்குப் போன பிறகு, அப்பா வீட்டின் மேல் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார். கடைசி ரூமுக்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள் அக்கா. வந்த அன்றே என்னை “ஏட்டி, பைப்பு எங்கன இருக்கு?” என்று கேட்டாள். “எங்க ஊர்ல ஏட்டுன்னா போலீஸு. ஏட்டின்னா லேடி போலீஸா?” என்றேன். முறைத்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் அவளை வா அக்கா, போ அக்கா என்றுதான் பேசினேன். “பெரிய பொண்ணாச்சே, மரியாத குடுடி” என்று அம்மா திட்டுவாள். “மரியாத குடுத்தா அவ என்னயத் தேடி மாடிக்கு வர மாட்டா அத்த, விடுங்க” என்பாள் அக்கா.

அக்காவிடம் இருந்த ஓவன் எப்படி வந்தது என்று கம்பெனி லைனில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாததற்குக் கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த பரிசு. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். அதில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாரி அக்கா அப்பளம் சுடலாம் என்றாள். ஜெசிந்தா அக்கா நாலு நாள் போனில் வீடியோ பார்த்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் டீயோடு தின்கிற குட்டி ரொட்டி, ஸ்கோன், என்று முடிவு செய்தாள்.

“கோனா? ஐஸா?” என்று என் தம்பி கிஷோர் ஓடிவந்தான்.

“டேய், ‘ஸ்’ போட்டா சுடும், போடாட்டி சில்லுன்னு இருக்கும்” என்றேன்.

ஏன் அதையே பிடித்தாள் என்று கேட்டேன். “பன்னுன்னா மாவு பொங்குத வரைக்கும் காத்துக் கெடக்கணும். கேக்குன்னா முட்டை அடிக்கணும். இது பிசைஞ்சமா, வெட்டுனமா, சுட்டமான்னு பஸ்ஸு வரதுக்குள்ள முடிஞ்சிரும்ட்டி” என்றாள். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை. பட்டை, கிராம்பு, சுக்கு, கொஞ்சம் ஜாதிக்காய், எல்லாம் எங்கள் மிக்ஸியில்தான் பொடியாகும். கிஸ்மிஸ், நறுக்கிய பேரீச்சம்பழம், காய்ந்த அத்திப்பழம். வெண்ணெய் மட்டும் எங்கள் ஃப்ரிட்ஜில், அம்மாவின் மீனுக்குப் பக்கத்தில், கல் மாதிரி இறுகியிருக்கும். அதை மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். புட்டு மாவு மாதிரி ஆக வேண்டும், ஆனால் வெண்ணெய் உருகக் கூடாது. உருகினால் ஸ்கோன் எழும்பாது, பிஸ்கட் மாதிரி படுத்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் நடக்கிற காரியமா? அதுவும் அவளுடைய கை எப்போதும் சூடு. ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி உதிர்ப்பாள். “என் கையில அடுப்பு இருக்குட்டி, அதான் சனியன்” என்பாள்.

ஓவனும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போய்விடும். அதனால் சுடுவதற்கு முன் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “யாரும் மோட்டார் போடாதிய!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அந்தக் குரல் கேட்டால் கிஷோர் தட்டோடு படியில் உட்கார்ந்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் கிராம்பு வாசனை இறங்கி வரும். அதுவரை எங்கள் தெருவில் பஸ் புகை வாசனைதான்.

ஒருமுறை அவளுடைய கிஸ்மிஸ் டப்பாவில் அம்மாவின் சுண்டைக்காய் வற்றலைக் கலந்து வைத்தேன். மசாலாவோடு சேர்ந்தால் எல்லாம் ஒரே கறுப்பு. அவள் பார்க்காமல் சுட்டு, லைனுக்கு எடுத்துப் போய்விட்டாள். ராத்திரி வந்ததும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“லைன் லீடர் இன்னா சொன்னாருக்கா?”

“வவுத்துக்கு நல்லதுன்னு சொல்லி இன்னொண்ணு கேட்டாருட்டி. ரெண்டு நாளா அவருக்கு வயிறு சரியில்லயாம். உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்.”

அடுத்த ஞாயிறு என் தட்டில் இருந்ததிலேயே பெரிய ஸ்கோன் விழுந்தது. உள்ளே ஒரு முழுப் பச்சைமிளகாய். தோற்கக் கூடாது என்று முழுவதையும் தின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “என்னட்டி, அவ்வளவு ருசியா? அழுதுருவ போல” என்று எதிரில் உட்கார்ந்து ரசித்தாள்.

அவள் ஸ்கோன் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துதான் எழும்பும். அதற்கு “ஸ்கோணல்” என்று நான் வைத்த பெயர்தான் மாடியில் நின்றது. காரணத்தை மாரி அக்காதான் கண்டுபிடித்தாள். மாவைத் தட்டி, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வெட்டும்போது நேராக அமுக்கி நேராக எடுக்க வேண்டும், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு சாயும் என்று வீடியோவிலேயே சொல்கிறார்கள். ஆனால் ஜெசிந்தா அக்காவுக்கு லைனில் என்ன வேலை? மூடியை வைத்து அமுக்கி, க்ளிக் என்று சத்தம் வரும்வரை ஒரு கால் திருப்பு, அதாவது கால்வாசிச் சுற்று, திருப்புவது. நாள் முழுக்க அதேதான். டம்ளரை அமுக்கியதும் கை தானாகத் திருப்பிவிடும். “என் கை என் பேச்சக் கேக்காதுட்டி. அது சூப்பர்வைசர் பேச்சத்தான் கேக்கும்” என்றாள். ஒரு நாள் நான் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் அமுக்கியதும் உள்ளே எலும்பு திரும்பப் பார்ப்பது என் கைக்குத் தெரிந்தது. விடவில்லை. அந்தத் தட்டு மட்டும் நேராக எழும்பியது. கிஷோர் பார்த்துவிட்டு, “இது கடையில வாங்கனதா?” என்று கேட்டான்.

இனிமேல் எழுதுவது கஷ்டம். ஆனாலும் எழுதுகிறேன்.

மழை முடிந்த சமயம். எங்கள் பக்கம் காலி மனைகளில் தேங்குகிற தண்ணீரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னதற்கு, “ஊசி போட்டுப் படுக்க வச்சிருவாங்க அத்த. திங்கக்கெழம இன்டர்வியூ இருக்குல்லா” என்றாள். அவள் இன்னும் ட்ரெய்னிதான். அந்த இன்டர்வியூவில் தேறினால் பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால் ஊரில் தனியாக இருக்கிற தன் அம்மாவைக் கூட்டிவந்துவிடுவதாக இருந்தாள். எங்கள் வீட்டின் பின் போர்ஷனைக் கேட்டு வைத்திருந்தாள். அம்மா வெள்ளையடித்தும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. சாயந்திரம் மாடியிலிருந்து குரல் வந்தது: “யாரும் மோட்டார் போடாதிய!” முன்பு மாதிரி தெருவுக்குக் கேட்கவில்லை, எங்களுக்குக் கேட்டது. “அப்பாடா, பொண்ணு எழுந்துட்டா” என்று அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கிஷோர் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினான். நானும் போனேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து மாவு உதிர்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “திருட்டுத்தனமா கிஸ்மிஸ் தின்னா வவுறு வலிக்கத்தான் செய்யும்” என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவளும்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாவு ஒட்டிய கையை என் கன்னத்தில் வைத்தாள்.

“பாருட்டி, கை எப்படிச் சில்லுன்னு இருக்கு! ஐஸே வேண்டாம். இன்னைக்கு வெண்ணெ உருகவே இல்ல.”

உண்மைதான். அவள் கை அவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஸ்கோன் எழும்பிய மாதிரி அதற்கு முன்னால் எழும்பியதில்லை. ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கை தட்டினோம். அடுக்கடுக்காகப் பிரிந்தது. வாயில் வைத்தால் முதலில் சுக்கு, பின்னால் பழம். “காய்ச்சலுக்குப் பொறவு கை ராசியாயிட்டு” என்றாள். தனக்கு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை, வாய் கசக்கிறது என்றாள். மிச்சத்தை லைனுக்கு என்று டப்பாவில் அடைத்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வாந்தி எடுத்தாள் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். டீ நேரத்தில் டப்பாவைச் சுற்றி அனுப்பினாள். நீங்கள் எல்லோரும் தின்றீர்கள், இவ்வளவு நன்றாக ஒருநாளும் வந்ததில்லை என்று சொன்னீர்களாம். இன்டர்வியூவுக்கு அவள் முறை வருவதற்குள் விழுந்துவிட்டாள். இங்கே ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னைக்கு.

செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் மாரி அக்காவும் போனோம். கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அக்காவுக்கு நினைவில்லை. ஆனால் வலது கை மட்டும் போர்வை மேல் அசைந்துகொண்டிருந்தது. அமுக்கி, ஒரு கால் திருப்பு. மறுபடி அமுக்கி, ஒரு கால் திருப்பு. “வேலைக்குப் போயிட்டா பாருங்க அத்த” என்று மாரி அக்கா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா, காய்ச்சல் எப்போது விட்டது என்று கேட்டார். சொன்னோம். “டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான்மா ஆபத்து. வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லென்று ஆவது, இதெல்லாம் இருந்ததா?” என்று கேட்டார். இருந்தது டாக்டர். என் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். நாங்கள் கை தட்டினோம்.

மாரி அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலையில்தான் அந்தப் போன் வந்தது; அதுவரை ஜெசிந்தா அக்கா எழுந்துவிடுவாள் என்றே நம்பியிருந்தேன்.

அவள் அம்மா எங்கள் ஊருக்கு வந்தார், பெண்ணின் சாமான்களை எடுத்துப் போக. பின் போர்ஷனைக் காட்டட்டுமா என்று என் அம்மா ஏதோ நினைவில் கேட்டுவிட்டாள். அவர் வாசலில் நின்று வெள்ளையடித்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போகவில்லை. ஓவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது மாரி அக்காவின் ரூமில் ஒரு துணி போர்த்திக் கிடக்கிறது. எனக்கு ஸ்கோன் சுடத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் போவதில்லை. அவள் பெயரில் யாராவது சுட்டுக் கொண்டுவந்தால் நான் தின்ன மாட்டேன், மன்னித்துவிடுங்கள். கடவுள் அவளுக்கு இளைப்பாறுதல் கொடுத்துவிட்டார் என்று பாஸ்டர் ஐயா சொன்னார். அவள் கேட்டது பெர்மனென்ட் வேலை ஐயா. இளைப்பாறுதலை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மாரி அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் விட்டுவிட்டது. “காச்சல் விட்டுட்டு பாப்பா” என்று சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் கத்தி அழுது, அப்பாவை பைக் எடுக்க வைத்து, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் ரத்தம் டெஸ்ட் எடுக்க வைத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பி வரும்போது மாரி அக்கா, “நீ எல்லாரையும் பயங்காட்டுதவ, உனக்கே பயமாட்டி?” என்று கேட்டாள். நான் அவள் கையை விடவில்லை.

ஜெசிந்தா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தப் பயம்தான். இது அவளுக்கு உதவவில்லை, இனி உதவவும் முடியாது. கூட்டம் முடிந்ததும் நீங்கள் என்னிடம் வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொல்வீர்கள். உடனே விடாமல் நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் விளையாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.